ராஜகிரி உச்சியின் தண்ணீர்ப் பானை

போன மாதம் கோட்டை ஆபீசிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். மலைமேல் மோட்டார் வைத்துக் குடிதண்ணீர்க் குழாய் போடப் போகிறார்களாம். "ஐயா, நீங்க சர்வீஸ்ல இருக்கும்போது மேல தண்ணிக்கு இன்னா பண்ணீங்க? ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன், விழா மலர்ல போட்டுடலாம்" என்றான். ஒரு பக்கத்தில் அடங்காது தம்பி என்றேன். சும்மா எழுதுங்க ஐயா என்றான். எழுதிவிட்டேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் முனுசாமி. செஞ்சிக்கு வெளியே காலனியில் பிறந்தவன். என் நைனா கோட்டைக்குள் போனதெல்லாம் முள் வெட்டும் கூலிக்கு ஆள் கூப்பிட்டபோதுதான். நான் எட்டாவது வரை படித்திருந்ததால் அறுபதுகளின் ஆரம்பத்தில் கோட்டைப் பணியாளாக வேலை கிடைத்தது. இரண்டு வாரம் பயிற்சி. கல்லில் பெயர் எழுதுகிறவனை எப்படி நிறுத்துவது, தேன்கூடு கலைந்தால் என்ன செய்வது, மயங்கி விழுந்தவருக்கு என்ன முதலுதவி, அவ்வளவுதான். காக்கிச் சட்டை இரண்டு, ஒரு விசில், ஒரு தடி கொடுத்தார்கள். விசிலை மூன்று முறை நீட்டி ஊதினால் ஆபத்து, ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

ராஜகிரி உச்சியில் நாள் முழுக்க உட்காருகிற வேலைக்கு "மேல் ஆள்" என்று பெயர். தினமும் அந்த மலையை ஏற யாருக்கும் மனசு இல்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "முனுசாமி, நீங்க மேல போறீங்களா?" என்று கேட்டார். நீங்க! என் இருபத்திரண்டு வயதுவரை ஒரு சட்டை போட்ட அதிகாரி என்னை நீங்க என்று சொல்லிக் கேட்டதில்லை. சந்திரனுக்குப் போகச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சத்தம் போடவே மாட்டார். சைக்கிளை நிறுத்திவிட்டுக் குடையை மூன்று மடிப்பாகச் சுற்றிப் பூட்டுப் போடுகிற மாதிரி பட்டனை மாட்டுவார். மாதம் ஒரு முறை உச்சிக்கு ஏறி வருவார். வந்ததும் முதல் வேலை பானைதான். பானையின் அடியில் மணல் ஈரமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். வாய்த்துணியை விரித்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். தம்ளரை முகர்ந்து பார்ப்பார். "பலே, சுத்தமா வெச்சிருக்கீங்க" என்பார். பிறகு தன் தோள்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தன் தண்ணீரைக் குடிப்பார். அவரிடம் நான் வேலை பார்த்த வருஷங்களில் அந்தப் பானையிலிருந்து ஒரு வாய் குடித்து நான் பார்க்கவில்லை.

காலை ஏழு மணிக்கு அடிவாரக் கிணற்றில் குடத்தை நிரப்பித் தோளில் வைத்தால் உச்சிக்குப் போக ஒன்றேகால் மணி ஆகும். கமலக்கண்ணி அம்மன் கோயில்வரை ஒரு மூச்சு, மரப்பாலம்வரை ஒரு மூச்சு. பெரிய பாறை பிளந்து கிடக்கும் இடத்தில் அந்தப் பாலம். அதில் மட்டும் குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். கீழே பார்த்தால் கிறுகிறுக்கும். மேலே போய்ப் பானையைக் கழுவி, தண்ணீரை வடிகட்டி ஊற்றி, அன்றைக்கு யார் வருவார்கள் என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்.

பல நாள் யாரும் வர மாட்டார்கள். இதைச் சொன்னால் இப்போது இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஒரு மனுஷ முகம் தெரியாமல் போயிருக்கிறது. குரங்குகளோடு சண்டை போடுவேன். காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்தி வீட்டிலும் அதே சத்தம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு இப்புடிக் கத்துற? நான் ஒண்ணும் எதிர்ல கிருஷ்ணகிரி மலையில நிக்கல, இங்க அடுப்பண்டதான் இருக்குறேன்" என்பாள் என் வீட்டுக்காரி அஞ்சலை. அவளுக்கு அது வேடிக்கை. எனக்கோ மேலே போனால் தனிமைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுதிருக்கிறேன்.

லீவு நாட்களில் மெட்ராஸ்காரர்கள் வருவார்கள். காலையில் செஞ்சி, சாயங்காலம் பாண்டிச்சேரி கடற்கரை என்று திட்டம் போட்டு வருகிற கூட்டம். மூச்சு வாங்க ஏறி வந்து, "அப்பாடா, தண்ணி!" என்று பானையைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள் முகத்தில், அதற்காகத்தான் நான் அந்தக் குடத்தைச் சுமந்தேன். ராஜா எந்த ரூமில் தூங்குவார், ராணி எந்தப் பக்கம் குளிப்பாள் என்று கேட்பார்கள். நான் அளந்துவிடுவேன். "வாங்களேன் எங்களோட, கடல்ல கால நனைச்சிட்டு வரலாம்" என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வேலை இருக்குதுங்க என்றேன். அவர்கள் படி இறங்கிச் சத்தம் தேய்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பானைத் தண்ணீரைக் குடித்தார்கள். ஒன்றிரண்டு பேர் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க செஞ்சியில எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். காலனி என்பேன். பொய் சொன்னதில்லை. தம்ளர் மெதுவாகக் கீழே இறங்கும், தாகம் இல்லை என்பார்கள். எண்ணூறு அடி ஏறி வந்தவருக்குத் தாகம் இல்லையாம்!

செஞ்சிக் கடைத்தெரு ஆட்களுக்குக் கேள்வியே தேவையில்லை. அவர்களுக்கு என்னையும் தெரியும், என் நைனாவையும் தெரியும். அவர்கள் கூஜாவோடு வருவார்கள், கூஜாவோடு போவார்கள். நானும் கூப்பிட மாட்டேன்.

காணும் பொங்கல் அன்றைக்குத்தான் ஊரே கோட்டைக்குள் வரும். கட்டுச்சோறு, கரும்பு, பாட்டு, ரங்கராட்டினம் எல்லாம் கீழே கல்யாண மகால் கோபுரத்துப் பக்கம் இருக்கும். மலைமேல் தலை தலையாகத் தெரியும். வருஷம் முழுக்க ஆள் முகத்துக்கு ஏங்கிக் கிடந்தவனுக்கு அது எப்படிப்பட்ட நாள்! முதல் வருஷம் முந்தின நாளே நான்கு குடம் சுமந்து வைத்தேன். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முனுசாமி, இன்னிக்கு ஒரு நாள் ஏகாம்பரம் மேல இருக்கட்டும். நீங்க கைதிக் கிணத்துப் பக்கம் பாத்துக்குங்க. பசங்க எட்டிப் பாத்து விழுந்துடப் போறாங்க."

"தண்ணியெல்லாம் ரொப்பி வெச்சிட்டேன் சார்."

"அதான் சொல்றேன். ஊர் ஜனம் வர்ற நாள். யாராவது ஏதாவது சொன்னா உங்களுக்குத்தானே சங்கடம்? உங்க நல்லதுக்குத்தான்."

கைதிக் கிணறு என்பது செட்டிக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் நடுவில் ஆழமான ஒரு குழி. அந்தக் காலத்தில் கைதிகளை அதில் தள்ளிச் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிடுவார்கள் என்று சொல்வார்கள். ஜனம் வந்து எட்டிப் பார்த்து ஐயோ என்று சொல்லிவிட்டுப் போகும். உட்கார்ந்து பேச யாரும் அங்கே வர மாட்டார்கள். அங்கே பானை வைக்கவும் உத்தரவு இல்லை. முதல் இரண்டு காணும் பொங்கலும் நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து மலைமேல் கேட்கிற சிரிப்புச் சத்தத்தைக் கேட்டேன். வயிறு எரியும். நான் சுமந்த தண்ணீரை ஏகாம்பரம் கையால் ஊர் குடிக்கும்.

ஏகாம்பரம் கெட்டவன் இல்லை. ஊருக்குள் வீடு, நல்ல மனசு, உடம்பு வணங்காது. மூன்றாவது வருஷம் நான் காய்ச்சலில் கிடந்ததால் தண்ணீர் தூக்குகிற வேலையும் அவன் தலையில் விழுந்தது. ஒரு குடத்தோடு நிறுத்திக்கொண்டான். "அட போப்பா, எல்லாம் கூஜாவோடதான் வருவாங்க" என்றான். காய்ச்சல் விட்டு நான் கைதிக் கிணற்றுக் காவலுக்கு வந்து நின்றது காணும் பொங்கல் காலையில்தான்.

மதியம் இருக்கும். மேலிருந்து விசில் கேட்டது. நீளமாக மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. கல்யாண மகால் பக்கம் ரேடியோப் பாட்டு அலறியதால் அங்கே இருந்த சூப்பர்வைசருக்குக் கேட்டிருக்காது. எனக்கு மட்டும் கேட்டது. காவலை விட்டுப் போனால் வேலை போகும், போகிற நேரத்தில் ஒரு குழந்தை விழுந்தால் உயிர் போகும். பக்கத்தில் வெட்டிப் போட்டிருந்த முள் கிளைகளை இழுத்து வந்து குழியைச் சுற்றி அடைத்தேன். அடிவாரக் கிணற்றில் ஒரு குடம் மொண்டு தோளில் வைத்தேன். அன்றைக்கு நான் ஏறினது போல அதற்கு முன்னாலும் ஏறினதில்லை, பின்னாலும் ஏறினதில்லை.

மரப்பாலத்துக்கு இந்தப் பக்கம், பாறை நிழலில், கடைத்தெரு முதலாளி ஒருவர் மல்லாந்து கிடந்தார். அறுபது வயது, பருத்த உடம்பு. காலையில் எதுவும் சாப்பிடாமல் ஏறியவர். தை மாத வெயில்தானே என்று நினைத்திருப்பார். பாறை சூடு அவருக்குத் தெரியவில்லை. கண் சொருகியிருந்தது. மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சுற்றிலும் பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லாம் கடைத்தெரு. அவர்கள் கூஜாக்களும் காலி, ஏகாம்பரத்தின் பானையும் காலி.

என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கிட்டே போனதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. எல்லார் கண்ணும் குடத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. ஏகாம்பரம் ஓடி வந்து என் காதோடு, "குடத்தை வெச்சிட்டுத் தள்ளி நில்லு முனுசாமி. நான் ஊத்திக்கிறேன்" என்றான். வைத்தேன். தள்ளி நின்றேன்.

அவன் செம்பில் மொண்டான். மொண்டு, கையை உயரத் தூக்கி, தாரையாக அவர் வாயில் ஊற்றினான்.

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் பாத்திரத்தில் உதடு படக்கூடாது. அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், உயர்த்திதான் ஊற்ற வேண்டும். அது கையோடு பிறந்த பழக்கம். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சுற்றி நின்ற பதினைந்து பேரில் யார் ஊற்றினாலும் அப்படித்தான் ஊற்றியிருப்பார்கள். மல்லாந்து கிடக்கிற, நினைவு இல்லாத மனுஷன் எப்படி அண்ணாந்து குடிப்பார்? தண்ணீர் நேராகப் புரையேறியது. உடம்பு தூக்கிப் போட்டது. முகம் கறுத்தது. "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று யாரோ கத்தினார்கள். அவனும் மறுபடி செம்பைத் தூக்கினான்.

"டேய், கொன்னுடாதடா!" என்று அவன் கையைத் தட்டிவிட்டேன். செம்பு உருண்டு பாலத்துக்கு அடியில் போய் விழுந்தது. முதலாளியின் தோளைப் பிடித்து ஒருக்களித்துப் புரட்டினேன். முதுகில் தட்டினேன். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் வந்தது. இருமினார். இருமல் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர் தலையைத் தூக்கி என் மடியில் வைத்து, துண்டை நனைத்து உதட்டைத் துடைத்து, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து அவர் வாயோடு வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவர் உதடு என் கையை உறிஞ்சியது.

மகன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். "நீ சும்மா இரு" என்று அந்த அம்மாள் அதட்டினார். அதட்டிவிட்டு, தான் பார்க்காமல் இருப்பதற்காக முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கை, மூன்று கை குடித்த பிறகு முதலாளி கண்ணைத் திறந்தார். என் முகத்துக்கு நேராகத்தான் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். தூளி கட்டிக் கீழே இறக்கினோம். நானும் ஒரு முனை பிடித்தேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் சூப்பர்வைசர் சம்பவப் புத்தகத்தை விரித்தார். வரிக்கு வரி கேட்டு எழுதுவார், எழுதியதைப் படித்துக் காட்டுவார், பிறகுதான் கையெழுத்து. அது அவர் ஒழுங்கு. படித்துக் காட்டினார். பார்வையாளர் ஒருவர் மயங்கி விழுந்தார். பணியாளர் ஏகாம்பரம் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்தார். பணியாளர் முனுசாமி காவலிடத்தை விட்டு நீங்கியதற்காக எச்சரிக்கப்பட்டார்.

"சார், ஏகாம்பரம் இல்ல சார், நான்தான்."

"தெரியும் முனுசாமி." பேனாவை மூடினார். "அந்த வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குது. நாளைக்கு ஊருல பேச்சு கிளம்பும். அவங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். உயிர் பிழைச்சிடுச்சில்ல, அது போதாதா? கையெழுத்துப் போடுங்க."

நீங்க என்று சொல்லிச் சொல்லியே என்னைப் போடவைத்தார். போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பாலத்தண்டை நின்ற பதினைந்து பேரும் இரண்டே நாளில் ஏகாம்பரம் தண்ணீர் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்களாகிவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து தட்டில் பழமும் வேட்டியும் வந்தது, ஏகாம்பரத்துக்கு. அவன் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "வெச்சிக்கப்பா, எனக்குத் தொடவே கூச்சமா இருக்குது" என்றான். எடுத்துட்டுப் போடா என்று கத்தினேன். போய்விட்டான். அதற்குப் பிறகு அவனோடும் பேச்சு குறைந்தது. மேலே தனிமை, கீழேயும் தனிமை என்று ஆனது. அஞ்சலை மட்டும், "நீதான் குடுத்தேன்னு உனக்குத் தெரியுமில்ல, அப்புறம் இன்னா?" என்பாள். எனக்கு அது போதவில்லை. யாராவது ஒருவர் வந்து, நீதானே என்று ஒரு முறை கேட்க வேண்டும் என்றிருந்தது. ஒரு வருஷம் அதையே நினைத்துக்கொண்டு குடம் சுமந்தேன்.

அடுத்த காணும் பொங்கலுக்கும் கைதிக் கிணறுதான். பத்து மணி வாக்கில் செட்டிக்குளக் கரையோடு ஒருவர் கைத்தடி ஊன்றி வந்தார். அந்த முதலாளி. பாதியாக இளைத்திருந்தார். துணைக்கு ஆள் இல்லை, கையில் கூஜாவும் இல்லை. குழிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குறியா முனுசாமி?"

"இருக்குறேங்க முதலாளி."

கொஞ்ச நேரம் தடியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். "போன வருஷம் எனக்கு மேல மயக்கம் வந்துச்சே. அப்ப தண்ணி குடுத்தது யாருப்பா?"

நான் ஒரு வருஷம் காத்திருந்த கேள்வி அது. வாயைத் திறந்தேன். அவர் முகம் ஒன்றும் காட்டவில்லை. நன்றி சொல்ல வந்தாரா, நானில்லை என்று என் வாயாலேயே கேட்டு நிம்மதியாகப் போக வந்தாரா, எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. "ஏகாம்பரங்க. ஆபீஸ் புக்குலயே எழுதியிருக்குது" என்றேன்.

"ம்" என்றார். எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுற்றும் பார்க்காமல், என்னை நேராகப் பார்த்து, "குடிக்கத் தண்ணி இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்காகக் கொண்டுபோன சொம்பு என் முதுகுக்குப் பின்னால் பாறை இடுக்கில் இருந்தது. நிறையத் தண்ணீர். ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் ஒரு வருஷத்து எரிச்சலும் ஒன்றாகத் திரண்டு வந்தது. இப்போது மட்டும் என் தண்ணீர் வேண்டுமா? யாரும் இல்லாத இடத்தில், யாரும் பார்க்காதபோது?

"இங்க பானை வெக்க உத்தரவு இல்லீங்க. மேல ஏகாம்பரத்துகிட்ட இருக்குது" என்றேன்.

அவர் சொம்பைப் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. "சரிப்பா" என்று சொல்லி, தடியை ஊன்றி எழுந்து, வந்த வழியே போனார். குளக்கரை திரும்புகிறவரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்தக் கோடையில் அவர் தவறிவிட்டார் என்று அஞ்சலை சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அதற்கப்புறம் புது சூப்பர்வைசர் வந்தார், காணும் பொங்கலுக்கு என்னையே மேலே போட்டார், ரிட்டையர் ஆகிறவரை எத்தனையோ ஆயிரம் பேருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் கடைத்தெருவில் என்னை இன்னார் என்று தெரிந்து, காலனிக்காரன் என்று தெரிந்து, வாய் திறந்து என்னிடம் தண்ணீர் கேட்ட முதல் ஆள் அவர்தான். மலைமேல் பானை இருக்க, அதை விட்டுவிட்டு, வெயிலில் என்னைத் தேடி வந்து கேட்டார். சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இல்லை என்று சொன்னேன்.